கிராஸ் மாற்றும் காலம்

ஆவணி. புரட்டாசியில் மக்காச்சோளமும் உளுந்தும் விதைக்க வேண்டும். கழுகுமலைப் பக்கம் காடெல்லாம் ரோட்டவேட்டர் ஓடுகிறது. டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வேலை பட்டறைகளில் குவிகிற நேரம் இதுதான்.

நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும் ஷாஃப்ட். முனைக்கு ஒரு கிராஸ் என்னும் சிலுவை வடிவ மூட்டு, கிராஸுக்கு நாலு கப், கப் வெளியே வராமல் பிடிக்கக் கப்புக்கு ஒரு கிளிப் வளையம். ஆக எட்டு கிளிப். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி பார்த்த வேலையை இங்கே இந்த வளையம் பார்க்கிறது.

*

கரிசல் மண் காய்ந்தால் கல். கிளிப்பின் இரண்டு துளைகளும் அடைத்துப் போயிருக்கும். கோணி ஊசியால் குத்தி எடுத்து, டீசல் விட்டு ஊறவிட வேண்டும். துளை சுத்தமாக இல்லையென்றால் பிளேர் முனை முழுதாக இறங்காது, வழுக்கும், வளையம் தெறிக்கும். கப் உள்ளிருந்து நெருக்குவதால் கிளிப் இறுகி நிற்கும். கப்பின் தலையில் லேசாக ஒரு தட்டு. அது மயிரிழை உள்ளே போனதும் கிளிப் தளர்ந்து பள்ளத்துக்குள் சுற்றும். அதன்பிறகு பிளேரைப் பிடித்தால் போதும்.

*

பாய்மரப் படகில் கயிறு இழுக்கும் வின்ச்சைப் பிரிக்கிறவர்களுக்கும் கிளிப் தெறிக்குமோ என்ற இதே கவலை. தெறித்தால் கடலோடு போயிற்று. அடி வெட்டிய அட்டைப்பெட்டியை வின்ச்சைச் சுற்றிக் கவிழ்த்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். நல்ல யோசனை. காட்டில் வைத்துக் கழற்றினால் நமக்கு மண் வெடிப்பு இருக்கிறது, விழுந்தது கிடைக்காது. சாக்கை விரித்துக்கொள்ளலாம். 

*

புதுக் கிராஸை மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். கப்புக்குள் ஊசி ரோலர்கள் கிரீஸின் பிடியில் மட்டும் நிற்கின்றன. கிராஸைக் கோணலாக நுழைத்தால் ஒன்று சரிந்து அடியில் படுத்துவிடும். அப்புறம் கப் முழுதாக உட்காராது, கிளிப்பும் பள்ளத்தில் இறங்காது. இந்த இடத்தில் சுத்தியலைத் தூக்குகிறவர்கள் நிறையப் பேர். தூக்கவே கூடாது. கப்பை வெளியே எடுத்து, சரிந்த ரோலரை நிமிர்த்தி, கிரீஸ் வைத்து மறுபடி நுழைக்க வேண்டும்.

தகட்டில் அடித்தெடுத்த கிளிப்பில் ஒரு பக்க விளிம்பு மழுங்கலாகவும் மறுபக்கம் கூராகவும் இருக்கும். கூர் விளிம்பு வெளிப்பக்கம், மழுங்கல் கப்பின் பக்கம். மாட்டியபின் ஸ்க்ரூடிரைவரால் நகர்த்திப் பாருங்கள். பள்ளத்துக்குள் வழுக்கிச் சுற்றினால் உட்கார்ந்துவிட்டது. ஒரு முனை தூக்கி நின்றால், ஓடும்போது கப் வெளியே வரும். அப்புறம் ஷாஃப்ட் கழன்று அடிக்கும். பக்கத்தில் நிற்கிறவர் கால் என்னாகும்?

*

இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். விரிந்துபோன பழைய கிளிப்பை நெளித்துத் திரும்ப மாட்ட வேண்டாம். கிராஸ் வாங்கும்போது பெட்டிக்குள்ளேயே புதுக் கிளிப் நாலும் சேர்ந்து வருகிறது.