18,000 ரூபாயும் ஒரு மினி சிலிண்டரும்: ஸ்கூபா வாங்க நினைக்கிறவங்களுக்கு

"டாக்டரண்ணே, இதை வாங்கினா ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து நிரப்பித் தருவீங்களா?"

ஓபி முடிச்சு கிளம்புற நேரத்துல வந்த கேள்வி. கேட்டது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தம்பி. 22 வயசு, ராஜபாளையத்துல மில் வேலை. லீவு நாள்ல தோட்டத்துக் கிணறுகள்ல விழுந்த மோட்டார், குடம், செல்போன்னு முக்குளிச்சு எடுத்துக் கொடுக்கிறது அவனுக்குப் பக்கவாட்டு வருமானம். ஒரு மோட்டாருக்குக் கயிறு கட்டவே ஏழெட்டு முறை தம் கட்டி இறங்கணும்.

போன்ல படம் காட்டினான். தண்ணி பாட்டில் அளவுக்கு ஒரு சிலிண்டர், வாயில கடிச்சுக்க ஒரு மவுத்பீஸ், கூடவே ஒரு கைப்பம்பு. சீட்டு எடுத்த காசு 18,000 கையில இருக்கு. "ஆர்டர் போட்டுறவா?"

என்கிட்ட ஏன் கேட்டான்னா, நான் கடலுக்கடியில கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமா வச்சிட்டு நிக்கிற போட்டோ ஒண்ணு கிளினிக்ல மாட்டியிருக்கு. மலையடிவாரத்துல இருந்துட்டு, கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல பயணம் போய் ஸ்கூபா கத்துக்கிட்டவன்னு ஊருக்குள்ள எனக்கு ஒரு பேர். பெருமையான பேரான்னு தெரியலை.

அன்னிக்கு அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆக்சிஜன். ஸ்கூபா சிலிண்டர்ல இருக்கிறது ஆக்சிஜன் இல்லை மக்களே. நாம இப்ப சுவாசிச்சிட்டிருக்கிற அதே காற்றுதான். 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். அதை வடிகட்டி, ஈரம் நீக்கி, 200 பார் அழுத்தத்துல அடைச்சிருப்பாங்க. சுத்த ஆக்சிஜனை சுவாசிச்சிட்டு 6 மீட்டருக்குக் கீழே, அதாவது 20 அடிக்குக் கீழே போனா வலிப்பு வரலாம். தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா மவுத்பீஸ் வாயை விட்டு நழுவும். அடுத்து என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பக்கத்துக் கிணறுகள் எத்தனை அடின்னு உங்களுக்கே தெரியும். போதாததுக்கு, எண்ணெய்ப் பசை இருக்கிற சாமான்ல சுத்த ஆக்சிஜனை அழுத்தி ஏத்தினா தீப்பிடிக்கும்.

"சரிண்ணே, அப்ப பஞ்சர் கடை கம்ப்ரசர்?"

அது டயருக்கு. எண்ணெய் ஆவி வரும். பக்கத்துல இன்ஜின் ஓடினா கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து உள்ளே போகும். மேலே நிக்கிறப்போ லேசா தலைவலி தர்ற அளவுதான்னாலும், 10 மீட்டர் ஆழத்துல அதோட வீரியம் ரெண்டு மடங்கு.

அடுத்து கணக்கு. அந்தக் குட்டி சிலிண்டர் அரை லிட்டர். 200 பார் முழுசா நிரம்பியிருந்தாலும் 100 லிட்டர் காற்று. பதட்டமில்லாத ஒருத்தருக்கே நிமிஷத்துக்கு 20 லிட்டர் வரை செலவாகும். மேலே 5 நிமிஷம். 10 மீட்டர் ஆழத்துல ரெண்டரை. மோட்டாரோட மல்லுக்கட்டுறவன் அதையும் ஒரு நிமிஷத்துல காலி பண்ணிடுவான். கடல்ல தர்ற சிலிண்டர் பெரும்பாலும் 11, 12 லிட்டர் கொள்ளளவு.

ஆனா நான் பயந்தது காற்று தீர்றதுக்கு இல்லை. தீர்ந்ததும் அவன் என்ன செய்வான்ங்கிறதுக்கு.

தூத்துக்குடியில கடைசியா 1961ல் நடந்த முத்துக்குளிப்பு வரைக்கும் கல்லும் கயிறும்தான் சாமான். அவங்க மேலே மூச்சை இழுத்துட்டு இறங்குவாங்க. ஆழத்துல நுரையீரல் சுருங்கும், மேலே வந்தா பழைய அளவுக்கு வரும். அவ்வளவுதான். இவன் கிணத்துல இத்தனை வருஷமா செய்யறதும் அதேதான். (அதுலயும் மயக்கம் வந்து சாகிறவங்க உண்டு, அது வேற கதை.) சிலிண்டர் வந்துட்டா விஷயமே மாறிடும். 10 மீட்டர்ல நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வர வர ரெண்டு மடங்கா விரியும். மூச்சை விட்டுக்கிட்டே மெதுவா வரணும். தம் கட்டிப் பழகின பையன், காற்று தீர்ந்ததும் பழக்கதோஷத்துல வாயை இறுக்கிட்டு விருட்டுனு மேலே வருவான். நுரையீரல் கிழியும். காற்றுக் குமிழி ரத்தத்துல கலந்து மூளைக்குப் போனா பக்கவாதம். இதுக்கு 10 மீட்டர்கூட வேண்டாம். நெஞ்சு நிறைய காற்றோட நாலடி ஏறினாலே போதும்.

நாலடின்னதும் அவன் முகம் மாறுச்சு. அவன் நெஞ்சளவுத் தண்ணி.

சரி, காசு கம்மியா இருக்கிறவங்க முதல்ல என்னதான் வாங்கணும்? என் கதையைச் சொல்றேன்.

மாம்சாபுரம் பக்கம் மாமா தோப்புக் கிணறு. சம்பளம் வாங்க ஆரம்பிச்ச புதுசுல சாதாரண நீச்சல் கண்ணாடியை மாட்டிட்டு அடியில கிடந்த வாளியை எடுக்கப் போனேன். மேலே வந்தப்போ ரெண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. அத்தை பார்த்துட்டு "மெட்ராஸ் ஐ, பிள்ளைங்க பக்கத்துல வராத"ன்னு ஒரு வாரம் தனித் தட்டு வச்சுட்டாங்க. அது மெட்ராஸ் ஐ இல்லை. நீச்சல் கண்ணாடி மூக்கை மூடாது. ஆழம் போகப் போக உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, ரப்பர் பம்ப் மாதிரி கண்ணை வெளியே இழுக்கும். வெள்ளை விழியில ரத்தக் குழாய் வெடிக்கும். டைவிங் மாஸ்க்ல மூக்கும் உள்ளே இருக்கிறது அதுக்குத்தான். மூக்கு வழியா லேசா ஊதினா அழுத்தம் சமமாகிடும். எம்பிபிஎஸ்ஸும் முடிச்சுட்டு எனக்கு இது அப்புறம்தான் புரிஞ்சுது.

அதனால முதல் செலவு மாஸ்க். டெம்பர்டு கிளாஸ், சிலிக்கான் விளிம்பு. பிளாஸ்டிக் வேண்டாம். முடிஞ்சா நேர்ல பார்த்து வாங்குங்க. வாரை மாட்டாம முகத்துல வச்சு, மூக்கால மூச்சை இழுத்துப் பாருங்க. கையை எடுத்தாலும் முகத்துல ஒட்டி நிக்கணும். நிக்கலைன்னா 10,000 ரூபாய் மாஸ்க்கானாலும் உங்களுக்கு இல்லை. மீசை தடிமனா இருந்தா தண்ணி கசியும். நம்ம ஊர்ல யார்கிட்ட போய் மீசையை எடுங்கன்னு சொல்றது? மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் மழிச்சாப் போதும், நானும் அப்படித்தான் சமாளிக்கிறேன். புது மாஸ்க் கண்ணாடியை உள்பக்கம் பற்பசை போட்டு ரெண்டு மூணு முறை தேய்ச்சுக் கழுவுங்க, இல்லைன்னா பனி மூடின மாதிரி ஆயிடும்.

அதுக்கப்புறம் காலுக்கு அளவான ஃபின்ஸ். மூணாவதா, காசு சேர்ந்தா, கையில கட்டுற டைவ் கம்ப்யூட்டர். எனக்கு அது வாங்க ரெண்டு வருஷம் ஆச்சு. ரெகுலேட்டர், மிதவை ஜாக்கெட், சிலிண்டர் மூணையும் நான் இன்னிக்கு வரைக்கும் வாங்கலை. வாடகைதான். கஞ்சத்தனம் இல்லை. ரெகுலேட்டருக்கு ஒழுங்கா சர்வீஸ் வேணும், சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை வேணும், நிரப்ப நல்ல கம்ப்ரசர் வேணும். இதெல்லாம் கடற்கரையில இருக்கு, ராஜபாளையத்துல இல்லை. வருஷத்துக்கு நாலு முறை டைவ் போறவன் சிலிண்டரைக் கட்டிலுக்கடியில வச்சு என்ன பண்றது? செகண்ட் ஹேண்ட்ல மலிவா வருதுன்னு மூச்சு விடுற சாமானை வாங்காதீங்க. ஃபின்ஸ் வாங்குங்க, தப்பில்லை.

இதெல்லாத்துக்கும் முன்னாடி கோர்ஸ். அதுலதான் என் காசுல பெரும்பகுதி போச்சு. போனதுல எனக்கு வருத்தமே இல்லை.

தம்பி பொறுமையா கேட்டுட்டு, "அப்ப இந்த 18,000-ஐ கோர்ஸுக்கு முன்பணமா வச்சுக்கவா?"ன்னான். சந்தோஷமா இருந்துச்சு. கோர்ஸ் சேர முன்னாடி உடம்பு பத்தி ஒரு படிவம் தருவாங்க, ஆஸ்துமா, வலிப்பு, காது, இதயம்னு வரிசையா கேள்வி. இப்பவே பார்த்துடுவோம்னு ஓட்டோஸ்கோப்பை எடுத்தேன்.

இடது காது சரி. வலது செவிப்பறையில ஓட்டை. பழைய ஓட்டை, ஓரமெல்லாம் ஆறிப் போயிருந்துச்சு.

"சின்ன வயசுல சீழ் வரும்ணே. கிணத்துல குளிச்சா இப்பவும் எப்பவாச்சும் வரும். தலையும் ஒரு மாதிரி சுத்தும்."

அந்த ஓட்டை வழியா குளிர்ந்த தண்ணி நடுக்காதுக்குள்ள போனா தலை கிறுகிறுன்னு சுத்தும். இருட்டுக் கிணத்துல எது மேல, எது கீழேன்னு தெரியாது. இத்தனை வருஷம் இவன் தனியா, மேலே ஒரு ஆள்கூட நிறுத்தாம, மோட்டார் ஒயருக்குள்ள இறங்கி ஏறியிருக்கான். சிலிண்டரைப் பத்தி அரை மணி நேரம் பேசினவன், காதைக் கடைசியாத்தான் பார்த்தேன். முதல்ல பார்த்திருக்கணும்.

சிலிண்டர் ஆர்டர் போடலை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். செவிப்பறை அடைக்கிற ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் ஆகுது. குளிக்கிறப்போ காதுல வாசலின் தடவின பஞ்சு. கிணத்துப் பக்கமே போகக் கூடாது. மோட்டார் எடுக்கக் கூப்பிடுறவங்ககிட்ட பாதாளக் கரண்டியும் செயின் பிளாக்கும் வச்சுப் பார்க்கச் சொல்றானாம். மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தான்.

ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு மாஸ்க் வாங்கிட்டான். நான் சொன்ன மாதிரியே முகத்துல வச்சு இழுத்துப் பார்த்து வாங்கினானாம். "திருப்பிக் கொடுத்துறவாண்ணே?"ன்னு கேட்டான். காது நல்லா ஆறி, ஈஎன்டி டாக்டர் சரின்னு சொன்னா கடலுக்குப் போறதுக்கு வழி இருக்கு. சொல்லலைன்னா இல்லை. ரெண்டையும் சொன்னேன்.

"வச்சுக்கறேன்"னான். அடுத்த மாசம் ரிவ்யூ.