டியூப் அதே, வாசனை வேறே

15 வருஷமா நான் போடும் ஷேவிங் கிரீமை மாத்திட்டாங்க மக்களே. டியூப் அதேதான், வாசனை யாரோடதோ. சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும்போது அப்பாகிட்ட வந்த வாசனை அது. அவர் போனபிறகு லண்டனில் எனக்கு மிச்சமிருந்ததும் அதுதான்.

பியர்ஸ் சோப்புக்கும் 2009-ல் இங்கே இதே கதி. 8 சேர்மானம் 24 ஆச்சு, வாசனை போச்சு. ஜனங்க போட்ட சத்தத்தில், 2010-ல் பழசுக்குக் கிட்டே கொண்டுவந்தாங்க. நம்ம கிரீமுக்கு யார் கொடி பிடிக்க?

இப்போதைக்கு வட்ட சோப்பும் பிரஷும்தான். லண்டன் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம். சோப்போடு சேர்ந்து வெள்ளையாத் திரிஞ்சு, நுரையே நிக்காது. ஃபில்டர் ஜக்கில் வடிகட்டின தண்ணி அரை டம்ளர் சுடவெச்சா சரியாகுது.

பழைய டியூபில் ஒரு விரலளவு மிச்சம் இருக்கு. அடுத்தமுறை ஊருக்குப் போறப்போ தம்பிகிட்ட முகர்ந்து பார்க்கக் கொடுக்கணும்.