லேசர் ஒளி வயிற்றுக் குழந்தையைத் தொடுமா?

"டாக்டர், கர்ப்பம்னு தெரியாம லேசர் பண்ணிக்கிட்டேன். கலைச்சிடலாமா?"

திருவண்ணாமலையில் நான் பார்க்கும் கர்ப்பிணிகளிடமிருந்து இந்தக் கேள்வி இப்ப அடிக்கடி வருது. முன்பெல்லாம் எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து பயப்படுவாங்க. இப்ப தாடை முடிக்கு லேசர்.

முதலில் நிம்மதியான செய்தி. எக்ஸ்ரே உடம்பை ஊடுருவும். அளவு மீறினால் மரபணுவைச் சேதப்படுத்தும். முடி நீக்கும் லேசரும் ஐபிஎல்லும் (கிரிக்கெட் இல்லைங்க) வெறும் ஒளிதான். தோலுக்குள் சில மில்லிமீட்டர் போகும், அவ்வளவுதான். கர்ப்பப்பை வரை எட்டாது. கர்ப்பிணிகளுக்குப் பிறப்புறுப்பில் வரும் மருக்களை கார்பன் டை ஆக்சைடு லேசரால் அகற்றுவதும் உண்டு. அதனால லேசருக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதே இல்லை. பயந்துபோய் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிடாதீங்க.

நான் திருப்பிக் கேட்கும் கேள்வி வேற: "கூட என்ன மாத்திரை, என்ன க்ரீம்?"

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தால் அது கருவுக்கு உண்மையிலேயே ஆபத்து. முடி வளர்ச்சிக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோனும் கர்ப்பத்தில் ஆகாது. மரத்துப்போகும் க்ரீமைக் கை, கால் முழுக்கப் பூசினால் மருந்து ரத்தத்தில் கலக்கும். அதனால மருந்துச் சீட்டோட உடனே வாங்கம்மா.

அப்ப கர்ப்பத்திலேயே பண்ணிக்கலாமா? வேண்டாம். கர்ப்பிணிகளிடம் அழகுக்கான லேசர் பற்றிப் போதுமான ஆய்வுகள் இல்லை. பத்து மாசம் தள்ளிப்போடக்கூடிய விஷயத்துக்கு அந்தச் சந்தேகம் எதுக்கு?

பலனும் பெரிசா இருக்காது. கன்னத்து மங்கு கர்ப்ப ஹார்மோனால் வருது. ஹார்மோன் இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். நம்ம மாநிறத் தோலில் லேசர் சூடு பட்டால் கருமை கூடவும் செய்யும். பிரசவத்துக்கு அப்புறம் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே குறையும். வயித்துல விழும் கருப்புக் கோடும் அப்படித்தான்.

அதுவரை வெயிலைத் தடுங்க. 14 கிலோமீட்டர் கிரிவலம் போக உங்க டாக்டர் சரின்னு சொல்லியிருந்தா, வெயில் தாழ்ந்த பிறகு போங்க. பகலில் குடை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் மங்குக்கு நல்லது.

கடைசியா வீட்டுல இருக்கறவங்களுக்கு. வளைகாப்புக்கு வந்துட்டு "என்னடி, மூஞ்சியே கறுத்துப்போச்சு"ன்னு சொல்லாதீங்க. அந்த ஒரு வார்த்தைதான் பல பொண்ணுங்களைப் பார்லருக்கு அனுப்புது.