வாங்கும் விலையும் அடக்க விலையும்

எழுபது தாண்டியவனுக்கு வீடியோ கேம் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்பீர்கள். எனக்கல்ல, பேரனுக்கு.

2021, கொரோனா நேரம். மேல்மலையனூரில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கே பக்தர்களை விடாத காலம். பள்ளிக்கூடம் இல்லாததால் திண்டிவனத்திலிருந்து மகளும் பேரனும் எங்களிடம் வந்திருந்தார்கள். ஒருநாள் அவன் மெதுவாக வந்து, "தாத்தா, ஒண்ணு கேட்டா திட்டமாட்டீங்களே?" என்றான். கேட்டது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ். விலை 34,990 ரூபாய். "பிளேஸ்டேஷன் 5 வாங்கினா 49,990 தாத்தா. இதுல பதினஞ்சாயிரம் மிச்சம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. 1995 வாக்கில் என் மகன் கேசட் போட்டு ஆடும் டிவி கேம் கேட்டான். சம்பளம், வாடகை, மளிகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

"வாடா, கணக்குப் போடலாம்" என்றேன். மகள் முகம் வாடிவிட்டது. அவளுக்கும் அந்தத் தாள் ஞாபகம் இருந்தது. இந்த முறை பென்சிலைப் பேரனிடம் கொடுத்தேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது கணக்கில் இரண்டு விலை வரும். 'ப்ரி தஷா' வாங்கிய விலை. 'ப்ரி த ரெவியான்' வண்டிக்கூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்த அடக்க விலை. பிறகு ஆபீசில் மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததை எடுப்போம். அப்படி மலிவாக வாங்கிய ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின், மையிலேயே தன் விலையைத் தின்றுவிட்டது.

மூன்று வருஷத்துக்கு ஆறு கேம் என்று வைத்தோம். பிளேஸ்டேஷனின் பெரிய கேம் ஒன்று 4,999, ஆறுக்கு 29,994. தட்டு போடாத பிளேஸ்டேஷன் 39,990. கூட்டினால் 69,984. தட்டு போடும் மெஷின் 49,990, கேமோடு 79,984. ஆனால் ஆடி முடித்த தட்டைப் பாதி விலைக்கு விற்றால் 14,997 திரும்பும். நிகரம் 64,987. பத்தாயிரம் கூடுதலான மெஷின்தான் ஐயாயிரம் மலிவு! பேரன் இரண்டு முறை கூட்டிப் பார்த்தான்.

சீரீஸ் எஸ்ஸில் தட்டே போட முடியாது. அதற்கு மாதச் சந்தா கட்டினால் நிறைய கேம் ஆடலாம். மாதம் 699 வீதம் 36 மாதத்துக்கு 25,164. மெஷினோடு 60,154. தொகை குறைவுதான், ஆனால் சந்தாவை நிறுத்தினால் கையில் ஒன்றும் நிற்காது. எல்லாவற்றையும் இணையத்தில்தான் இறக்க வேண்டும். என் செல்போனில் தினம் ஒன்றரை ஜிபி. 75 ஜிபி கேம் ஒன்று இறங்க ஐம்பது நாள்! அதற்குத் தனி இணைப்பு வேண்டும். அந்தச் செலவு வேறு.

அந்த மே மாதம்தான் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் மெஷின் விற்பனையில் லாபமே பார்த்ததில்லை என்று சாட்சி சொன்னார். லாபமெல்லாம் கேமிலும் சந்தாவிலும். எங்கள் மெஷினும் மையும் போலத்தான்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தட்டு போடறதுதான் தாத்தா. ஆனா இப்ப வேணாம், நானும் காசு சேக்கறேன்" என்றான். மறு வருஷம் அவன் உண்டியல் பணத்தோடு என் பஞ்சப்படி நிலுவையும் சேர்ந்தது.

பிரான்சில் இருக்கும் மகன் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அவனையே கணக்குப் போடச் சொன்னீங்களாப்பா?" என்று கேட்டான்.

"ஆமாம்ப்பா. உனக்கும் அப்படித்தான் செய்திருக்கணும்" என்றேன்.