ஆளுக்குப் பிணை

அரபு மொழி அறிந்த ஒருவர் நம் நாட்டு நீதிமன்றத்துள் நுழைந்தால் அங்கே புழங்கும் சொற்கள் அவரை வரவேற்கும். வக்கீல் அரபுச் சொல். அவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வகாலத்தும் அரபுச் சொல். அமீனா, முன்சீப், பைசல், ரத்து ஆகிய அனைத்தும் அங்கிருந்து வந்தவையே. குற்றம் சாட்டப்பட்டவர் ‘ஆஜர்’ ஆகிறார், அது ‘ஹாளிர்’. ‘கைதி’ என்னும் சொல், விலங்கைக் குறிக்கும் ‘கைத்’ என்பதிலிருந்து பிறந்தது. வழக்கைத் தள்ளி வைப்பதை ‘வாய்தா’ என்கிறோம். அதன் மூலச் சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருள்!

‘ஜாமீன்’ என்பதும் இவ்வாறே. அரபியில் ‘ளாமின்’ என்றால் பொறுப்பேற்கும் மனிதர். பாரசீக, உருது நாவுகளில் அது ‘ஸாமின்’ ஆகி, நம் கச்சேரிகளுக்கு வந்து ‘ஜாமீன்’ ஆயிற்று. வந்த வழியில் பொருளும் மாறிவிட்டது. இன்று ஜாமீன் என்றால் நமக்கு நினைவு வருவது ஓர் உத்தரவு, ஒரு தொகை, ஒரு வீட்டு வரி ரசீது. மனிதரைக் குறிக்க ‘ஜாமீன்தாரர்’ என்று ஒரு வாலைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சொல்லிலிருந்து மனிதர் வெளியேறிவிட்டார் என்பதை மொழி ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அதனால் அடைபட்டுக் கிடக்கும் உயிர்கள் பல.

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தந்தது. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் என்று கொள்ளலாம். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இவர்களைத் தீர்ப்பிடவில்லை. சட்டத்தின் கண்ணில் இவர்கள் இன்னும் நிரபராதிகள். கொடிய வழக்குகளில் சிக்கியவர்களும் இவர்களுள் உண்டு. ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் கையெழுத்திட ஆளில்லாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. நாம் பேச விழைவது இந்த இரண்டாம் வகையாரைப் பற்றி.

கோயம்புத்தூர்வாசிகளுக்குச் சிறை தொலைவில் உள்ள இடமன்று. காந்திபுரத்துக்குப் பேருந்தில் போகிறவர் எவரும் 1872இல் எழுந்த அந்த மத்திய சிறையின் நெடுஞ்சுவரைக் காணாமல் இருந்ததில்லை. கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார் 1908இல் இங்கே கொண்டுவரப்பட்டுச் செக்கிழுத்தார். அவர் இழுத்த செக்கைப் பிற்காலத்தார் நினைவுச் சின்னமாகப் போற்றினர்.

நம் சமுதாயத்துக்கு அச்சுவர் வேறொரு நினைவையும் தரும். 1998 பிப்ரவரி 14 அன்று இந்நகரில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். அந்தத் துயரம் எந்தச் சமயத்தாருக்கும் பொதுவானது. அதற்கு நீதி கேட்பதும் பொதுவானது. அவ்வழக்கில் கைதானவர்களுள் ஒருவரான கேரளத்தின் அப்துல் நாசர் மஅதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்து, 2007 ஆகஸ்ட் 1 அன்று அவ்வழக்கில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டுகளை அவருக்குத் திருப்பித் தரவல்ல சட்டம் எதுவும் இல்லை. அக்காலத்தில் நம் மஹல்லாக்களில் ஓர் அச்சம் குடியேறியது. யாருக்காகவும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதே என்று தந்தையர் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரிய வழக்குகளில் சிக்கியவர்கள் அல்லர். சிறு வழக்குகளில் சிக்கிய ஏழைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சி. கரும்புக்கடைப் பக்கம் குடியிருந்த ஓர் இளைஞன் நம்மிடம் ஓதியவன். தந்தையை இழந்தவன். பம்ப் செட் பட்டறையில் காயில் கட்டும் வேலை. கையில் தொழில் இருந்தது, வாயில் மதுவும் இருந்தது. பட்டறையிலிருந்து செப்புக் கம்பியைக் கடத்தி விற்றதாக வழக்கு. மூன்றாம் வாரத்திலேயே ஜாமீன் உத்தரவாயிற்று. இருவர் பிணை, தலா பத்தாயிரம் ரூபாய், ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாய் ஒருவர் ஆனார். இரண்டாமவர் கிடைக்கவில்லை. ஐம்பது நாள் கழிந்தும் பிள்ளை உள்ளேதான் இருந்தான்.

அந்தத் தாய் நம்மிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “ஹஜ்ரத், ஜாமீன் கிடைச்சுருச்சுன்னு வக்கீல் சொல்றாருங்க. கிடைச்சதுக்கு அப்புறமும் எதுக்குங்க என் புள்ளைய வெச்சிருக்காங்க?”

அவரோடு ஓர் இளம்பெண் வந்திருந்தார். சமூகப்பணியில் முதுகலை பயின்று, சிறைக் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவும் பணியில் இருந்தவர். நம் சமயத்தவர் அல்லர். அவர் சிறையில் அந்த இளைஞனைப் பலமுறை சந்தித்திருந்தார். “உனக்குச் சொத்து உள்ள உறவினர் யார்?” என்பதே மற்றவர்கள் அவனிடம் கேட்ட கேள்வி. இவர் கேட்டது வேறு: “நீ யார் சொன்னால் கேட்பாய்?” அவன் நம் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

“ஐயா, நீங்கள் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. வாய்தாவுக்கு முந்தின நாள் நான் அவனுக்கு நினைவூட்டுவேன். காலையில் அவன் புறப்பட்டானா என்று நீங்கள் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை நான் அழைத்துச் செல்வேன். அவன் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வதை அம்மா பார்க்க வேண்டும். மூவரும் பங்கிட்டுக்கொள்வோம்” என்றார் அந்தப் பெண்.

நாம் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்திட்டோம். வழக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தது. அவன் ஒரு வாய்தாவையும் தவறவிடவில்லை. குடியை ஒரே நாளில் விட்டான் என்று சொன்னால் அது பொய்யாகும். இருமுறை வழுக்கி விழுந்தான். இருமுறையும் அந்தப் பெண் அவனை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார். முடிவில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிமன்றம், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் அவனை விட்டது. குற்றம் உறுதியான பின் அவனுக்குச் சிறை வேண்டாம் என்றது சட்டம். குற்றம் உறுதியாகும் முன் இரண்டு மாதச் சிறையை அனுபவித்திருந்தான்.

அந்தப் பெண் செய்ததைத் தர்ம காரியம் என்று சொல்லிவிடலாகாது. அது பயின்று செய்யும் தொழில். மிகுதியாகக் குடிப்பவரைத் திடீரென்று அடைத்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் கைகால் நடுக்கமும் பிதற்றலும் வரும். கவனியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மனநோயால் வாய்தாவை மறப்பவரை, சட்டத்துக்கு அஞ்சி ஓடுபவராகக் காவலர் எண்ணக்கூடும். இவற்றைப் பிரித்தறிவது, வீட்டைத் தேடிச் சென்று உறவுகளை விசாரிப்பது, அறிக்கை எழுதி நீதிமன்றத்தில் வைப்பது, வெளியே வந்தவரை வழக்கு முடியும் வரை கைவிடாதிருப்பது ஆகியவை அப்பணியின் கூறுகள். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1990இல் தொடங்கிய ‘பிரயாஸ்’ என்னும் களப்பணித் திட்டம் சிறைகளுக்குள் சமூகப் பணியாளர்களை அமர்த்தி இதைச் செய்து காட்டியது. நம் நகரின் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் சமூகப்பணி ஒரு பட்டப் படிப்பே. நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அதற்கு அனுப்பினோம்?

இதற்கு முன்னோடி நியூயார்க் நகரில் நடந்தது. லூயி ஷ்வைட்சர் என்னும் செல்வர், பணமின்மையால் இளைஞர்கள் சிறையில் வாடுவதைக் கண்டு, ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்பாரோடு சேர்ந்து 1961இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். சட்ட மாணவர்கள் கைதிகளைச் சந்தித்து, எத்தனை நாளாக ஒரே வீட்டில் இருக்கிறார், வேலை உண்டா, குடும்பத்தோடு தொடர்பு உண்டா என்று கேட்டு உறுதி செய்து நீதிபதியிடம் பரிந்துரைத்தனர். பணமின்றி விடப்பட்டவர்களில் நீதிமன்றத்துக்கு வராமற்போனவர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. 1966இல் அமெரிக்கக் கூட்டரசு தன் ஜாமீன் சட்டத்தையே திருத்திற்று.

நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றம் இதை உணராமலில்லை. 1978இல் மோத்தி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டனர். பிணை நின்றவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தனர். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கு அவரது சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். மறு ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு. தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே பீகார்ச் சிறைகளில் கிடந்தவர்களின் நிலை அதனால் வெளிப்பட்டது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் அறிவித்தது. வழக்குக்குப் பெயர் தந்தவர் அச்சிறைகளில் கிடந்த ஒரு பெண்.

பின்வந்த சட்டங்களையும் நம் வீட்டார் அறிந்திருத்தல் நன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்த விசாரணைக் கைதி ஜாமீன் பெறலாம். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பங்கு போதும். பல வழக்குகள் நிலுவையில் இருப்போருக்கு இது பொருந்தாது. உத்தரவாகியும் ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பணித்தது. அதே ஆண்டு, ஜாமீன் தொகை கட்ட இயலாத ஏழைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் பாராமல், இலவச வழக்கறிஞரும் உண்டு. ஆனால் பணத்தை அரசு தரலாம். தெரிந்த முகத்தை அது தர இயலாது. திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் வழக்கில் சிக்கினால் உள்ளூரில் அவருக்கு யார் பிணை நிற்பார்? கொத்தனார் மோத்தி ராமின் கதை கொங்கு நாட்டில் புதுப்பிக்கப்படும் இடம் இதுவே.

மத்ரஸாவில் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். இமாம் மர்கீனானியின் ஹிதாயாவில் கஃபாலத் என்னும் பிணையைப் பற்றித் தனிப் பாடமே உண்டு. பிணை இருவகை: பொருளுக்குப் பிணை, ஆளுக்குப் பிணை. ஆளுக்குப் பிணை நிற்பவரின் கடமை, அவரைக் குறித்த நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது; அந்த மனிதர் இறந்துவிட்டால் பிணையும் தீர்ந்துவிடும். புதிதாகப் பதவியேற்கும் காழி முதலில் கவனிக்க வேண்டியவற்றுள் சிறைப்பட்டோரின் நிலையும் ஒன்று என்றும் ஃபிக்ஹ் நூல்கள் விதிக்கின்றன. ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூ யூசுஃப், கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய கிதாபுல் கராஜில், சிறையில் ஆள் பெருகுவது அவர்கள் வழக்குகளை எவரும் பார்க்காததால் என்றும், அதிகாரிகள் நாள்தோறும் அவற்றை ஆராய வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் எடுத்துக்கொள்வர். ஆகவே படியைக் கைதியின் கையிலேயே காசாகக் கொடுங்கள் என்பதும் அவர் யோசனை. சிறையை அறிந்து எழுதிய கை அது!

களவு கொடுத்தவரின் கதி என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜாமீன் விடுதலையன்று, வழக்கு நடந்தே தீரும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒழுங்காக வந்து நின்றால்தான் களவு கொடுத்தவருக்கும் விரைவில் தீர்ப்புக் கிடைக்கும். சாட்சிகளை மிரட்டக்கூடியவர், பிறர் உயிருக்குத் தீங்கு செய்யக்கூடியவர் ஆகியோரை வெளியே விட நாம் வாதாடவில்லை. அதை எடைபோட நீதிபதி இருக்கிறார். கூலிக்குப் பிணை நிற்போரின் கதையும் நாம் அறிந்ததே. ஏழைக்கு முறையான பிணை கிடைக்காத ஊரில்தான் அந்தக் கூலித் தொழில் செழிக்கும்.

ஆகவே நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு விண்ணப்பம். திருமணப் பதிவேட்டையும் சந்தாப் பதிவேட்டையும் வைத்திருக்கும் மஹல்லா, இன்னொரு சிறு பதிவேட்டையும் வைக்கட்டும். பிணை நிற்க மனமுள்ள பத்துப் பேரின் பெயர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரி, ஒரு சமூகப் பணியாளரின் பெயர் ஆகியவை அதில் இருந்தால் போதும். வருகிறவர் எந்தச் சமயத்தவர் என்று அதில் எழுத வேண்டியதில்லை. அவருக்கு அடுத்த வாய்தா எந்தத் தேதி என்பதை மட்டும் மறவாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.