இருபதில் ஒரு பங்கு

கீழ்பென்னாத்தூரில் கடல் இல்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையில் அமைந்த நம் ஊருக்கு அண்மையில் உள்ளது மரக்காணத்துக் கடல். அதற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்ல வேண்டும். நெல்லும் நிலக்கடலையும் விளையும் இம்மண்ணில் மீன் என்றால் ஏரிமீன். கடல்மீன் என்பது பனிக்கட்டிப் பெட்டியில் வண்டியேறி வருவது. இத்தகைய ஊரில் ஒருவர் திண்ணையில் அமர்ந்து விசைப்படகு கட்டுகிறார் என்றால் தெருவார் சிரிக்காமல் என்ன செய்வர்? சிரித்தனர். நாமும் உடன் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

படகு பெரியதன்று. தூத்துக்குடித் துறையில் விடியுமுன் புறப்பட்டு இரவில் கரைதிரும்பும் 40 அடி மர விசைப்படகின் மாதிரி உரு. இருபதில் ஒரு பங்கு என அளவு வகுத்துக்கொண்டோம். ஆகவே அணியத்திலிருந்து பின்புறம் வரை 61 சென்டிமீட்டர். இரு கைகளால் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மாதிரிப் படகுகள் நமக்குப் புதியவை அல்ல. வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்திற்குச் சென்றோர் அங்கே வெள்ளியில் செய்த சிறு படகுகளைக் கண்டிருப்பர். கலிலேயாக் கடல் என்னும் ஏரியில் 1986-ஆம் ஆண்டு, வறட்சியால் நீர் வற்றிய வேளையில், சேற்றிலிருந்து வெளிப்பட்ட பழம்படகு ஒன்றுக்கும் மாதிரிகள் பல செய்யப்பட்டுள்ளன. ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள அப்படகு நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது என்பது ஆய்வாளர் முடிவு. பன்னிரண்டு வகை மரத்துண்டுகளால் மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்ட ஏழைப் படகு அது. இவையெல்லாம் கண்ணால் காண்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் சுக்கான் திரும்பாது, கயிறு ஓடாது. நமக்கு வேண்டியிருந்ததோ வேலை செய்யும் படகு. சக்கரத்தைத் திருப்பினால் சுக்கான் திரும்ப வேண்டும். வின்சு சுழன்று கம்பியை இழுக்க வேண்டும். வலை விரிய வேண்டும். விளக்கு எரிய வேண்டும். இந்தப் பிடிவாதத்திற்குக் காரணம் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பின்னர்.

சிறிதாக்குதல் என்பது எல்லாவற்றையும் இருபதால் வகுப்பது என்று நினைப்போர் பலர். நீளத்திற்கு அக்கணக்கு சரி. எடைக்கு அது செல்லாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருபதில் ஒரு பங்கானால் கொள்ளளவு எண்ணாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பத்து டன் எடையுள்ள படகு மாதிரியில் ஒன்றேகால் கிலோவாகத்தான் இருத்தல் வேண்டும். மின்கலம், மோட்டார், மரம், வண்ணம் அனைத்தும் அந்த ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கினால்தான் நீர்க்கோடு உரிய இடத்தில் நிற்கும். நம் வீட்டுச் சமையலறைத் தராசு இரண்டு மாதம் திண்ணையிலேயே குடியிருந்தது. அதனால் விளைந்த குடும்பப் பூசலை இங்கு விரித்துரைப்பது அழகன்று.

ஆட்டத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. வில்லியம் புரூடு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1872-ஆம் ஆண்டில் டார்க்கீ நகரில் நீண்டதொரு நீர்த்தொட்டி அமைத்து, மெழுகினால் கப்பல் மாதிரிகள் செய்து இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலின் போக்கைச் சிறிய மாதிரியிலிருந்து அறியும் வழியை நிலைநாட்டினார். அவர் வகுத்த விதிப்படி வேகமும் ஆடும் காலமும் அளவின் வர்க்கமூலப்படி குறையும். இருபதின் வர்க்கமூலம் ஏறத்தாழ நாலரை. கடலில் நான்கு நொடிக்கு ஒருமுறை புரளும் படகு, தொட்டியில் ஒரு நொடி முடியுமுன்பே புரண்டு எழும். எட்டு நாட் வேகத்தில் செல்வது இங்கே இரண்டு நாட்டுக்கும் குறைவாகவே செல்ல வேண்டும். எண்ணெய் ஊற்றி வழுக்கிவிட்டது போல் மாதிரிப் படகுகளை விரட்டி ஓட்டுவோர் இதை அறிந்தால் நன்று.

இனி அந்த ஒருவர். நம் மாமனார் தூத்துக்குடியில் கட்டுமரத்தில் தொடங்கி, வள்ளம் ஏறி, இறுதியில் விசைப்படகில் ஓட்டுநராயிருந்து ஓய்ந்தவர். கண் அழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. மாமியார் மறைந்த பின் அவரை இங்கே அழைத்து வந்தோம். வந்த நாள்முதல் அவர் கடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலையில் வாசலில் அமர்ந்து காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று முகத்தால் பார்ப்பார். பிறகு உள்ளே சென்றுவிடுவார். உணவு குறைந்துகொண்டே வந்தது. “அப்பா ஊருக்குப் போகட்டும் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று நம் மனைவி இரவில் கேட்பார். விடையில்லை.

நம் மகன் பள்ளிக் கண்காட்சிக்கென ஒட்டுப்பலகையில் ஒரு படகு வெட்டத் தொடங்கியதும், அதைத் தாத்தாவின் கையில் கொடுத்ததும் தற்செயல். அவர் அதை இருமுறை தடவினார். “இது போற படகு இல்ல, நிக்கிற படகு. அணியம் இவ்வளவு மொண்ணையா இருந்தா அலையை எப்பிடிக் கிழிக்கும்?” என்றார். அதுதான் தொடக்கம். மறுநாள் அப்பலகை அடுப்பிற்குச் சென்றது. புதிய படகிற்கு ஏரா வைத்தோம். ஏரா என்பது படகின் அடிமரம். அதன்மேல் விலாமரங்களை நிறுத்தி, மெல்லிய பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்துப் பொருத்தினோம். ஒவ்வொரு பலகைக்கும் அவர் விரல்களே அளவுகோல். நாம் கண்ணால் பார்த்து நேர் என்று சொல்லுமிடத்தில் அவர் விரலால் தடவிக் கோணல் என்பார். உடனே அளந்து பார்ப்போம். அரை மில்லிமீட்டர் கோணலாயிருக்கும்.

உடல் முடிந்ததும் கருவிகள். இங்குதான் சுவை. சுக்கானை ஓட்டுநர் அறையின் சக்கரத்தோடு இணைக்கப் பழைய கைக்கடிகாரச் சங்கிலி உதவியது. சுக்கானை மட்டும் அளவைவிடச் சற்றுப் பெரிதாக வைத்தோம். படகு சிறிதானாலும் தண்ணீர் சிறிதாவதில்லை, அதன் பிசுபிசுப்பும் குறைவதில்லை. ஆதலால் சரியளவுச் சுக்கான் சோம்பலாகத் திருப்பும். மாதிரி செய்வோர் யாவரும் அறிந்து செய்யும் சலுகை இது. மேல்தட்டின் ஓரங்களில் நீர் வடியும் துளைகள் விட்டோம். இழுவலை இழுக்கும் படகு இரவில் பச்சை விளக்கை மேலேயும் வெள்ளை விளக்கை அதன் கீழேயும் எல்லாத் திசைக்கும் தெரியுமாறு ஏற்ற வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதி. மிளகளவு விளக்குகள் இரண்டு வாங்கி அப்படியே ஏற்றினோம். இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்பதைத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் இப்போது மனப்பாடமாகச் சொல்வர்.

வின்சுக்கு வந்தபோது மாமனார், “மற்றதெல்லாம் பிறகு. முதல்ல பிரேக்கைச் செய்யுங்க மாப்பிள்ளை” என்றார்.

வின்சு என்பது இரு உருளைகள் கொண்ட சுழல்பொறி. படகின் எஞ்சினிலிருந்து விசை பெற்று, வலையை இழுக்கும் இரும்புக் கம்பிவடங்களைச் சுருட்டும். வடம் உருளையில் ஒரே இடத்தில் குவியாமல் வரிசையாகப் படிய வேண்டும். அதற்காக ஒருவர் அருகில் நின்று வடத்தைத் தள்ளிக்கொடுப்பார். பழகிய வடத்தில் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அது கையுறையையோ சட்டையையோ பற்றினால் உருளை மனிதனையும் சேர்த்துச் சுருட்டும். விசையைத் துண்டிக்கும் பிடி ஓட்டுநர் அறையில் இருந்தால், கூவிய குரல் எஞ்சின் ஓசையைத் தாண்டி அங்கே சென்று சேர வேண்டும்.

மாமனாரின் இடக்கையில் கடைசி இரு விரல்கள் இல்லை. நாம் திருமணமான நாள்முதல் கண்டிருக்கிறோம்; கேட்டதில்லை. நம் மனைவிக்குத் தெரிந்தவரை பனிக்கட்டிப் பெட்டி விழுந்து நசுங்கியவை அவை. அன்று மாலை, தையல் இயந்திரத்துப் பாபின்கள் இரண்டைக் கொண்டு நாம் செய்து வைத்திருந்த உருளையின்மேல் அந்தக் கையை வைத்துக்கொண்டு, எவ்வாறு நிகழ்ந்தது என்று அவர் பேரனுக்குச் சொன்னார். வடம் வரும் பக்கம் எது, தாம் நின்ற இடம் எது, எஞ்சின் நிற்பதற்குள் உருளை எத்தனை சுற்றுச் சுற்றியது என்பன வரை சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமில்லை. கணக்குச் சொல்வது போல் இருந்தது. அடுக்களை வாயிலில் நின்ற நம் மனைவி, “அப்போ ஐஸ் பெட்டி?” என்றார். “ஏழு வயசுப் பிள்ளைக்கு வேறென்ன சொல்ல?” என்றார் அவர்.

அதன் பின் பிரேக்கைச் செய்யாமல் இருக்க முடியுமா? உருளையின் விளிம்பைச் சுற்றி ஒரு தோல்பட்டை. பட்டையை இறுக்க ஒரு நெம்புகோல். நெம்புகோல் வின்சுக்கு அருகிலேயே, நிற்பவர் கைக்கு எட்டும் தொலைவில். பழைய செருப்பின் வார் அதற்குப் பயன்பட்டது. அத்துடன் மோட்டாரின் இணைப்பைத் துண்டிக்கும் பல்லிணைப்பு ஒன்றும் வைத்தோம். நான்கு முறை பிரித்து அமைத்தோம். ஐந்தாம் முறை மாமனார் சுழலும் உருளையின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மறு கையால் நெம்புகோலை அழுத்தினார். அரைச் சுற்றுக்குள் நின்றது. “ம்” என்றார். நம் வாழ்நாளில் பெற்ற நற்சான்றிதழ்களுள் அதற்கிணையானது வேறில்லை.

இவ்விடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரைக் குறிப்பிடத் தோன்றுகிறது. பிரான்சுவா எட்மோன் பாரீ என்னும் கடற்படை அதிகாரி மூன்று முறை உலகைச் சுற்றியவர். சென்ற துறைகளிலெல்லாம் அவ்வூர் மக்களின் படகுகளை அளந்து வரைந்தார். நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் அவர் ஏட்டில் உண்டு. 1841 முதல் வெளிவந்த அவரது பெருநூல் ஐரோப்பியர் அல்லாத மக்களின் படகுக் கலையைப் பற்றியது. பின்னாளில் பாரீஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் தலைவராகி, அவ்வரைபடங்களைக் கொண்டு மாதிரிப் படகுகள் பல செய்வித்தார். அவரும் கையை இழந்தவரே. மூன்றாம் உலகப் பயணத்தில், நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியில், இயந்திரமொன்றின் பற்சக்கரத்தில் சிக்கி இடக்கை போயிற்று. இதை மாமனாருக்குப் படித்துக் காட்டினோம். “அவருக்கு முழுக்கையும் போச்சா?” என்று கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அதுக்கப்புறமும் படகு செஞ்சாரா?” என்றார். ஆம் என்றோம்.

வலை நம் மனைவியின் பொறுப்பாயிற்று. 40 மில்லிமீட்டர் கண்ணுள்ள மடிக்கு நம் அளவில் 2 மில்லிமீட்டர் கண் வேண்டும். கொசுவலையே போதும் போலிருந்தது. ஆனால் அதன் நூல் விறைப்பானது. நீரில் அது வலையாக விரியாமல் கூடையாக நின்றது. பழைய மெல்லிய திரைச்சீலை ஒன்று அதனினும் நன்றாகப் படிந்தது. மேல் கயிற்றில் மிதவைக்கு வெண்மிளகு போன்ற மணிகள். கீழ்க்கயிற்றில் ஈயத் துணுக்குகள். வலையின் வாயை விரிப்பவை இரு பலகைகள். படகு இழுக்கும்போது தண்ணீர் அவற்றின்மேல் சாய்வாக மோதி ஒன்றை இடமும் மற்றதை வலமும் தள்ளும். உண்மைப் பலகை 50 கிலோ எனில் நம் பலகை ஆறேகால் கிராம். சங்கிலியின் ஒரு கண்ணி மாறினாலும் சாய்வு மாறிப் பலகை படுத்துவிடும்.

கார்த்திகை மழைக்குப் பின் ஏரியில் நீர் நின்றபோது வெள்ளோட்டம் விட்டோம். ஆடு மேய்ப்போர், பள்ளிப் பிள்ளைகள், பேருந்துக்குக் காத்திருந்தோர் எனக் கரையில் நல்ல கூட்டம். முதல் இழுப்பில் பலகைகள் படுத்தன. மாமனார் முழங்கால் அளவு நீரில் நின்று, இழுகம்பியைத் தம் மூன்று விரல்களில் பிடித்து அதன் அதிர்வைக் கேட்டார். “முன்சங்கிலியை ஒரு கண்ணி குறைங்க” என்றார். குறைத்தோம். அடுத்த இழுப்பில் இரு கம்பிகளும் மெல்ல அகன்று விரிந்தன. ஆழத்தைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வடம் விட வேண்டும் என்பது அவர் பாடம். ஒரு மீட்டர் ஆழத்திற்கு நான்கு மீட்டர் விட்டிருந்தோம். வின்சு சுருட்டியது, மடி மேலே வந்தது, உள்ளே ஏரிப்பாசியும், நம்பினால் நம்புங்கள், கட்டைவிரல் நீளக் கெண்டை ஒன்றும். இருபதால் பெருக்கினால் அது சுறா என்றான் மகன்.

மீன் ஏற்றினால் படகு எவ்வளவு தாழும் என்பதையும் பார்த்தோம். இரண்டு டன் மீனுக்குக் கால் கிலோ அரிசி. அரிசிப் பையை மாமனாரே அறையறையாகப் பிரித்து வைத்தார். பின்புறம் அதிகம், அணியத்தில் குறைவு. ஓட்டத்தை மகன் கைப்பேசியில் படம் பிடித்து நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிக் காட்டினான். துடிதுடித்து ஆடிய படகு அதில் கனத்த கடற்படகைப் போல் நிதானமாகப் புரண்டு எழுந்தது. புரூடு ஐயாவின் வர்க்கமூலம் மெய்தான். மாமனாருக்கு அதைக் காண இயலாது. பேரன் வாயால் சொல்லிக்கொண்டே வந்தான். “இப்ப அணியம் எழும்புது தாத்தா. இப்ப விழுது.” அவர் திண்ணையில் அமர்ந்தவாறே அதற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தார். அன்றிரவு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

ஏரி இப்போது வற்றிவிட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலம்; அதை நம் வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது மாமனாரின் ஆணை. படகைக் கரையேற்றி அடிப்புறத்திற்கு வண்ணம் பூசிவிட்டோம். அடுத்ததாகக் கட்டுமரம் வேண்டுமாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகிவிட்டது என்றும், அதன் கட்டுமுறையைப் பேரன் கை அறிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். நாளை கரைக்கு வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலர்த்தி, மீண்டும் கட்டத்தக்கதாய் அது அமைய வேண்டும். ஆணி ஒன்றும் கூடாது. வேலியோரத்துக் கல்யாண முருங்கையை வெட்டி நிழலில் உலர வைத்திருக்கிறோம். தேங்காய் நாரை நீரில் ஊறவைத்துக் கயிறு திரிக்கும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு விரல்களால் அவர் திரிக்கும் கயிறு நம் பத்து விரல் கயிற்றைவிட மெல்லியதாகவும் சீராகவும் வருகிறது. எத்தனை முழம் வேண்டும் என்றுதான் இன்னும் சொல்லவில்லை.