செராங்கூன் ரோடு போய்வந்த கை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்காக விடியும் முன்னே அடுப்பேறிவிடும் சைவ டிபன் கடை அது. சிங்கப்பூரில் தோசை போட்டுவிட்டுத் திரும்பிய மாஸ்டர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"மாவை அப்புறம் பாக்கலாம் சார், கல்லைப் பாருங்க" என்றார். தண்ணீர் தெளித்தார். துளிகள் முத்தாக உருண்டோடின. சூடு அதிகம், இப்போது ஊற்றினால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈர்க்கு விளக்குமாற்றால் ஒரு இழுப்பு. ஆவி அடங்குவதற்குள் வரிசையாக ஆறு தோசை. ஆறாவதை இழுத்து முடிக்கும்போது முதலாவது சிவந்திருந்தது. நடுக்கல்லில் ரோஸ்ட், தணல் குறைந்த ஓரத்தில் ஊத்தப்பம். நின்ற இடத்திலிருந்து அவர் கால் நகரவே இல்லை.

"அங்கயும் நம்ம ஊரு வெக்கைதான். ராத்திரி ஆட்டினா காலைல பொங்கிடும். ஏசி ரூம்ல வெச்சாதான் மக்கர் பண்ணும்."

சிங்கப்பூரின் செராங்கூன் ரோட்டில் 1947 முதல் கோமள விலாஸ் என்ற சைவ உணவகம் இருக்கிறது. சிங்கப்பூர் போகிற நம்மவர்கள் அந்தப் பக்கம் இறங்கியதும் தோசை விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பிறகு அந்த ஊரில் இதைவிட மலிவாக வயிறு நிறையாது என்று சாப்பிடுவார்கள். நானும்தான். பெருக்கல் கணக்கில் கடை வாடகை வராது, கல்லருகில் நிற்பவரின் முட்டிவலியும் வராது. வாடகை ஏற ஏற மேசை சீக்கிரம் காலியாக வேண்டும். அந்த அவசரமெல்லாம் கடைசியில் மாஸ்டரின் மணிக்கட்டில்தான் வந்து இறங்குகிறது.

இவர் போன காலத்தில் இந்தியாவிலிருந்து போகும் சமையல்காரருக்குச் சாதாரண வொர்க் பெர்மிட் கிடையாது, கூடுதல் சம்பளம் தர வேண்டிய எஸ் பாஸ்தான். 2023 செப்டம்பரில் இந்திய உணவகங்களுக்கு வொர்க் பெர்மிட் கதவு திறந்தது. மாதம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் தர வேண்டும். மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் இப்படி எடுக்கக் கூடாது. பத்துப் பேர் வைத்து நடத்தும் சின்னக் கடைக்கு இறுக்கமான கணக்கு. பயணிக்கு மலிவாகப் போடுவதோ பெரும்பாலும் அந்தச் சின்னக் கடைகள்தான்.

ஒடிசாப் பையன் ஒருவன் தட்டோடு வந்து சாம்பார் வேண்டாம், சட்னி கூடுதலாக வேண்டும் என்றான். மாஸ்டர் இந்தியிலேயே பதில் சொன்னார்.

"சிங்கப்பூர்ல கத்துக்கிட்டீங்களாண்ணே?"

"அங்க தமிழே போதும் சார். இந்தி இங்க எஸ்டேட்ல கத்துக்கிட்டது."

மறுபடி போவீர்களா என்று கேட்டேன். ஏஜென்ட் கமிஷன், ரூம் வாடகை என்று கல்லைத் துடைத்தபடியே சம்பளத்திலிருந்து கழித்துக்கொண்டு வந்தார்.

"கூப்பிடறாங்க. ஓனரே டிக்கெட் போட்டா போவேன். கடன் வாங்கிப் போறது ஒரு தடவை போதும்."